செவலையைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது

இன்று காலை பாலக்கோடு தக்காளி மண்டியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வளர்க்கும் நாய் செவலையின் காலில் டெம்போ ஏறிவிட்டது.

எனக்குப் போனில் பேசக் கூச்சம். அதனால் விலங்கு மீட்புக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். ஓர் அக்கா வண்டியோடு வந்துவிட்டார்.

ஆனால் பெட்டி தூக்கும் மாதையன் அண்ணன் வழியை மறித்தார்.

"போன தடவ கருத்தடைக்குப் புடிச்சிட்டுப் போன நாய பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டாங்க. அங்கிருந்த நாயிங்க கடிச்சே கொன்னுடுச்சுங்க. இதத் தரமாட்டோம்."

"அது நாங்க இல்லைங்கண்ணா, வேற ஆளுங்க" என்றார் அக்கா.

"எல்லாம் ஒரே மாதிரி வண்டிதானுங்க!"

செவலைக்கு ரத்தம் நிற்கவில்லை. தக்காளி பிரித்துக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"நானும் போறேங்ணா. இங்கியே கொண்டாந்து வுடுறது என் பொறுப்பு."

"அட, இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அண்ணனே செவலையைச் சாக்கில் சுற்றித் தூக்கி என் மடியில் வைத்தார்.

காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார் அந்தக் குழுவின் காப்பகத்து டாக்டர். ஆனால் ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டுமாம்.

தனியாகத் திரும்பும் பஸ்ஸிலிருந்து அண்ணனுக்கு நானே போன் செய்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நெசமா திரும்பி வருமா?"

"தெனமும் போய்ப் பாக்கப் போறேங்ணா. ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க."

"வர்றேன். பன்னு வாங்கியாந்தா உள்ள வுடுவாங்களாம்மா?"

அதை டாக்டரிடம் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அண்ணன் இப்போதே பேக்கரி வாசலில் நிற்கிறாராம்.