ஊதாப் பென்சில்காரர்

எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நெருக்கடி ஏற்பட்டது. மழைக்காரர் தீர்ந்துபோனார்.

மழைக்காரர் என்பது துப்பறியும் கதை எழுதுகிற ஒருவருக்கு அத்தையும் நானுமாக வைத்த பெயர். அவருடைய எந்த நாவலைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் மழை கொட்டும், இரண்டாம் பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கும், மூன்றாம் பக்கத்தில் யாராவது செத்துக் கிடப்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற சந்து ஒன்றில் இருந்த வாடகை நூலகத்தில் அவர் புத்தகங்கள் இருபத்தாறு இருந்தன. இருபத்தாறையும் முடித்துவிட்டோம். பிடித்தவற்றை இரண்டாம் முறையும் படித்தாகிவிட்டது. கொன்றவன் யாரென்று தெரிந்தபின் படிப்பது, உப்பில்லாமல் சாப்பிடுவது போல இருந்தது.

"வேற யாராவது நல்லா எழுதறாங்களான்னு பாத்துக்கினு வாடி கண்ணு" என்றாள் அத்தை. அன்றைக்கு ஆரம்பித்தது என் வேட்டை.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, முன்னால் நின்று கல்யாணம் செய்து வைத்தவர் அப்பாதான். ஆறு மாதத்துக்குள், அந்த மனிதருக்கு ஏற்கெனவே வேலூரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருப்பது வெளியே வந்தது. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து அவளும் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. "உங்க அத்தைய சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா, அத்தை மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது. "உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பாள் அத்தை. நடுவில் நான் தபால்காரி. அப்பாவுக்கு அத்தை மேல் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போதாக்குறைக்கு அப்பா துப்பறியும் கதைகளுக்குத் தடை போட்டிருந்தார். அட்டையில் கைத்துப்பாக்கி போட்ட புத்தகம் ஒன்றை என் பையில் பார்த்துவிட்டு, "இந்தக் கொலக் கதையெல்லாம் வூட்டுக்குள்ள வரக் கூடாது, படிக்கிற பொண்ணு கெட்டுப்பூடும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஆகவே புத்தகங்கள் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் புகுந்து வீட்டுக்கு வந்தன. அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து படிப்பாள். முன்கட்டில் அப்பாவின் தறிச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை. சத்தம் நின்றால் புத்தகம் முறத்துக்கு அடியில் போய்விடும்.

நூலகத்துக்காரர் தெலுங்கு வீட்டுக்காரர், சின்னப் பெண்களை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். எப்போது பார்த்தாலும் பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ப் புதிய எழுத்தாளர் யாராவது உண்டா என்று கேட்டேன். "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்மாயி" என்றார். அவருக்கு அட்டை கிழியாத புத்தகமெல்லாம் நல்ல புத்தகம்.

மூன்று வாரம் நானாக எடுத்துவந்தவை எல்லாம் தோல்வி. ஒருவருடைய கதையில் துப்பறிகிறவர் பிணத்தை மறந்துவிட்டுப் பாதிக் கதை காதலித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கொலைகாரனைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது பிரமாதமாக இருந்தது, ஆனால் கடைசி எட்டுப் பக்கங்களைக் காணவில்லை. அத்தை அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான்காவது புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில்தான் அந்த எழுத்தைப் பார்த்தேன். நாக்கில் நனைத்து எழுதுகிற காப்பியிங் பென்சிலின் ஊதா நிறம். பொடிப் பொடியாக, வரிசை கோணாமல் எழுதியிருந்தது: '37-ஆம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். டாக்டர்தான். இதைப் படித்த நேரத்துக்கு ஜன்னலோர அலமாரியில் இரண்டாம் தட்டு, பச்சை அட்டையைப் படித்திருக்கலாம். அதைத் தவறவிடாதே.'

அத்தையிடம் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு அத்தே இது?"

"யாரோ நல்லாப் படிக்கத் தெரிஞ்சவங்க" என்றாள். "ஓடு. பச்சை அட்டையை வேற யாராச்சும் எடுத்துக்கினு பூடப் போறாங்க."

ஓடினேன். பச்சை அட்டை இருந்தது. அப்படித்தான் எங்களுக்கு இடதுகைக்காரர் கிடைத்தார். அவருடைய கதைகளில் யாராவது ஒருவருக்கு இடதுகைப் பழக்கம் இருக்கும், ஆனால் அவர் கொலை செய்திருக்க மாட்டார். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நான்கு நாவல்கள் ஆயின. முதல் நாவலை ஒரே மத்தியானத்தில் முடித்த அத்தை, குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள். அதன் கடைசிப் பக்கத்திலும் ஊதா எழுத்து இருந்தது. அது எங்களைக் கப்பல்காரரிடம் அனுப்பியது. கப்பல்காரர் நடுக்கடலில் கொலை செய்வார், யாரும் தப்பி ஓட முடியாது. அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கம் இன்னொருவரைக் காட்டியது. அவர் கதைகளில் பழி எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரு மாமியாரிடம் போய் நிற்கும். மழைக்காரர் ஒருவரையே உலகம் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அந்த அரை வருடத்தில் ஐந்து புதிய எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து, கொலைகாரன் பெயர் கண்ணில் படாமல் விரலால் மறைத்துக்கொண்டு, ஊதா எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் சந்து முழுவதும் ஓட்டம்தான்.

கொஞ்ச நாளில் அத்தை பதில் எழுத ஆரம்பித்தாள். என் பள்ளிக்கூடப் பென்சிலை வாங்கி, ஊதா எழுத்துக்குக் கீழே எழுதுவாள். 'சமையல்காரன் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்' என்று ஊதா எழுதியிருந்தால், 'சமையல்காரனை ஜெயிலுக்கு அனுப்பினால் அந்த வீட்டில் யார் சமைப்பது?' என்று இவள் எழுதுவாள். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அதற்கும் கீழே ஊதாவில் பதில் இருக்கும்: 'அந்த வீட்டு மருமகள். பாவம், ஏற்கெனவே அவள்தான் சமைக்கிறாள்.' அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தபின் சிரித்ததை நான் அந்தக் கிணற்றடியில்தான் முதலில் பார்த்தேன்.

இத்தனை கதைகள் படித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஊதாப் பென்சில்காரர் யாரென்று கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தடயங்களைக் குறித்தேன். ஒன்று, ஊதாப் பென்சில். இரண்டு, ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு சின்னக் கோடு. மூன்று, பக்கங்களுக்கு நடுவே கிடைத்த ஒரு துண்டுச் சரிகை. மூன்றாவது தடயம் எங்கள் ஊரில் யாரையும் காப்பாற்றவும் இல்லை, மாட்டிவிடவும் இல்லை. சட்டையில் சரிகைத் துண்டு ஒட்டாத மனிதரை எங்கள் தெருவில் பார்க்க முடியாது. சந்தேகப் பட்டியலில் எங்கள் கணக்கு வாத்தியார், டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர், ஒரு போலீஸ்காரர் ஆகிய மூவரும் இருந்தார்கள். போலீஸ்காரரைச் சேர்த்ததற்குக் காரணம், அவர் எப்போதும் யோசனையாக இருப்பார் என்பதுதான்.

நூலகத்துக்காரரை விசாரித்தேன். "அது மட்டும் கேக்காதம்மாயி" என்று காலண்டர் தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை படித்து முடித்த கப்பல்காரர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்த வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெயில் தலையைப் பிளந்தது. மாடு இரண்டு முறை என் பின்னலை முகர்ந்து பார்த்தது. கம்பவுண்டர் வந்தார், வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். பட்டியலில் ஒரு பெயரை அடித்தேன். அப்புறம் சந்து முனையில் என் அப்பா வருவது தெரிந்தது.

நெசவாளர் சங்கத்தில் பட்டு நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். நான் இங்கே வருவது தெரிந்துபோய்ப் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, வண்டிச் சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டேன். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். விடுவிடுவென்று நூலகத்துக்குள் நுழைந்தார். நூலகத்துக்காரர் எதுவும் கேட்காமல், நான் சற்று முன் கொடுத்த அதே புத்தகத்தை எடுத்து நீட்டினார். அப்பா நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். படித்தார். எங்கள் வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார். சேலைக்குப் பூ வரைய, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கிற அவருடைய அதே பென்சில். தினமும் என் கண்ணெதிரே இருந்த பென்சில்.

அப்பா போகும்வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் பறந்தேன். எந்தக் கதையிலும் எந்தத் துப்பறிகிறவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்காது. அத்தை கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே! கண்டுபிடிச்சுட்டேன்! ஊதாப் பென்சில்காரர் நம்ம அப்பா!"

அவள் திடுக்கிட்டு எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாம்பல் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி. எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. எனக்கு எழுதக் கத்துக்குடுத்ததே உங்கப்பாதான். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு யாராச்சும் 'தவறவிடாதே'ன்னு எழுதுவாங்களா? நான் படிக்கிறது தெரிஞ்சுதான் எழுதறாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் புஸ்தகம் படிக்கக் கூடாதுன்னாரு?"

"உன்னத்தான் படிக்கக் கூடாதுன்னாரு. என்னை ஒண்ணும் சொல்லலியே."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. முதல் அத்தியாயத்திலேயே முடிந்துபோன வழக்கை நான் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் நின்று துப்பறிந்திருக்கிறேன். "அப்ப நேர்லயே பேசிக்கலாமில்ல? வூட்லதான இருக்குறாரு?" என்றேன்.

"நேர்ல பேசினா வேற பேச்சு வந்துடும் கண்ணு" என்றாள் அத்தை. "நீ யார்கிட்டயும் மூச்சு வுடாத. வுட்டா இதுவும் நின்னுடும்."

நான் மூச்சு விடவில்லை. அது லேசான காரியமில்லை. அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் நாக்கு நுனியில் ஊதா தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தது. இத்தனை நாள் அதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆடி மாதம் இடதுகைக்காரரின் புதிய நாவல் நூலகத்துக்கு வந்தது. இந்த முறை அப்பா முந்திக்கொண்டார். நான் எடுத்துவந்தபோதே கடைசிப் பக்கத்தில் ஊதா எழுத்து இருந்தது. வழக்கமாக நாலைந்து வரி இருக்கும். அன்று ஒரே வரி. எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தார் என்று இல்லை. கொன்றது யார் என்று இல்லை. அடுத்து எந்த அலமாரி என்றும் இல்லை.

'சரியாக விசாரிக்காமல் போனது என் தப்பு.'

அத்தை கதையைப் படிக்குமுன்பே அதைப் படித்துவிட்டாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. அதைக்கூடப் பார்க்காமல் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முன்கட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. அப்பா வீட்டில்தான் இருந்தார். புத்தகத்தை முறத்துக்கு அடியில் தள்ள வேண்டுமே என்று நான் தவித்தேன். அத்தை அசையவில்லை.

வெகுநேரம் கழித்து என் பென்சிலைக் கேட்டாள். எழுதினாள், ரப்பரால் அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். கடைசியில் தாள் நைந்துபோன இடத்தில் இரண்டே வார்த்தைகள் நின்றன.

'அடுத்தது எது?'

ராத்திரியோடு ராத்திரியாக நானும் கதையைப் படித்து முடித்து, மறுநாளே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள், அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டைப் பார்த்தபடி, "கப்பல் கதை எழுதறவரு புதுசா ஒண்ணு எழுதியிருக்குறாராம்மா. எடுத்தாரட்டுமா?" என்றார்.

எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அத்தையிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"எடுத்துக்கினு வாண்ணா."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறகு அவள் என் தட்டில் ஏற்கெனவே இருந்த சாம்பாரின் மேல் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டு, அவசரமாகப் பின்கட்டுக்குப் போனாள்.

யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பாடு நடந்தது. எனக்கோ மனம் முழுக்க முந்தின நாள் திருப்பிக் கொடுத்த இடதுகைக்காரர் நாவலிலேயே இருந்தது. அந்த ஒரு வரியை நினைக்க நினைக்க எனக்கு அப்பாவின் மேல் எரிச்சலாக வந்தது. அந்தக் கதையில் துப்பறிகிறவர் நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் விசாரணைதான் செய்கிறார். மதுரைக்குப் போகிறார், ரங்கூனுக்குப் போகிறார், பால்காரரைக்கூட விடாமல் விசாரிக்கிறார். சரியாக விசாரிக்காமல் போனதாமே! அப்பா புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதி வைத்துவிட்டார், அதைப் போய் அத்தை அழுது அழுது படிக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு, குளமாகிவிட்ட சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.