கல்யாணம் கட்டாமல் வாங்கிய பட்டம்

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது, நான் வேலை பார்த்த கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். கோவில்பட்டியிலிருந்து அண்ணனும் மதினியும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர், "குடும்பம், பிள்ளைகுட்டி என்று சிக்கிக்கொள்ளாததால்தான் இந்தச் சாதனை. பெரிய அறிவாளிகள் பலர் தனியாகவே வாழ்ந்தவர்கள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மதினியும் தட்டினாள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தொண்ணூறுகளின் நடுவில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், படிப்பை நிறுத்தினால் சம்மதம் என்றார்கள். மாட்டேன் என்றேன். அம்மா அழுதாள். மதினிதான் குறுக்கே வந்தாள்.

"அவ படிக்கட்டும் அத்தை. அவளுக்கு எது வேணும்னு அவளுக்குத் தெரியும்."

என் ஆய்வு கரிசல் மண்ணின் வெடிப்புகளைப் பற்றியது. கோடையில் அந்த மண் கால் இறங்கும் அளவுக்குப் பிளக்கும். மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். விளாத்திகுளம் பக்கம் ஒரு தரிசில் வெடிப்புகளின் அகலத்தையும் ஆழத்தையும் அளக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகாத பெண் ஒற்றையாகக் காட்டுக்குள் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அண்ணன் தயங்கினான். "நான் கூடப் போறேன்" என்றாள் மதினி. பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு என்னோடு பஸ் ஏறுவாள். டேப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான்.

இரண்டாம் வருஷக் கோடையில் அளந்துகொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, போன வருசம் என் கால் மாட்டுனது இதே வெடிப்புலதான்."

"எல்லா வெடிப்பும் ஒண்ணு போலத்தான் இருக்கும் மதினி."

"இல்ல. இந்த ஆவாரஞ்செடிக்கு நேரா, இங்கனதான். செருப்பு அறுந்துச்சே, மறந்துட்டியா?"

ஒவ்வொரு கோடையிலும் மண் புதுப்புது இடத்தில் பிளக்கும் என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். இருந்தாலும் அன்று வெடிப்புகளின் ஓரமாக முளைக்குச்சிகள் அடித்தோம். மழை வந்து எல்லாவற்றையும் மூடியது. அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் பெரும்பாலும் குச்சிகளை ஒட்டியே மண் பிளந்தது. பழைய பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். ஆய்வேட்டில் எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அப்படி வந்ததுதான்.

அதனால் ஏற்புரையில், "நான் கல்யாணம் கட்டவில்லை. ஆனால் தனியாக இருந்ததும் இல்லை. என் அண்ணன் கல்யாணம் கட்டியதால் கிடைத்த பட்டம் இது" என்று சொல்லி, நடந்ததையும், அதை ஆய்வேட்டில் எழுதியிருப்பதையும் சொன்னேன். மதினியை எழுந்து நிற்கச் சொன்னேன். அவள் எழவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர்களோடு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மதினி கோபமாக இருந்தாள்.

"எதுக்குட்டி அத்தன பேருக்கு முன்னால எந்திரிக்கச் சொன்ன? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

என் மடியிலிருந்த ஆய்வேட்டைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் புஸ்தகத்துல என்னைப் பத்தி எழுதியிருக்கேன்னியே, எங்க?" என்றாள்.

ஆய்வேட்டைப் பிரித்து, ஆங்கிலத்தில் இருந்த நன்றியுரையைத் தமிழில் சொன்னேன்: வெடிப்பு திரும்பவும் அதே இடத்தில் வருவதை முதலில் கண்டவர் என் அண்ணன் மனைவி.

"நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கா?"

"ஆமா மதினி."

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.