பென் டிரைவுக்கு நெற்றி எது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் பார்த்த முதல் ஆள் நான். இதை யாரும் மறந்துவிடக் கூடாதே என்று நானே அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் நிலையத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அதனால் அது எங்கள் லயக் காம்பராவிலேயே, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையிலேயே, குடியிருந்தது.

அவிசாவளையில் ஒரு வருடம் கணினி டிப்ளோமா படித்தேன். கடைசி வேலையை அச்சடித்து, விஜயதசமியன்று இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் சான்றிதழ் கிடையாது. அந்த வேலை முழுவதும் மூடி தொலைந்த ஒரு பென் டிரைவில் இருந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை. பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நிலையத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான்.

அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. அப்பாவின் ரப்பர் பால் வெட்டும் கத்தி, அம்மாவின் அரிவாள், என் புத்தகங்கள், லேப்டாப், பென் டிரைவ் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. அன்றைக்கு எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. மறுநாள் காலையில் அச்சுக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்ட்' என்று திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழுந்தது. அதாவது, எனக்கு இது யாரென்றே தெரியாது என்றது லேப்டாப்.

படித்தவள் பதறலாமா? லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். அடுத்த ஓட்டையில் செருகினேன். அதே ஓட்டையில் மவுஸைச் செருகினால் அது துள்ளி ஓடியது. இதற்குப் பிறகு பென் டிரைவைத் திருப்பிப் பார்ப்பதுதான் புத்தி. நானோ டிரைவர் மென்பொருள் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதை அழித்து மறுபடி ஏற்றினேன். மஞ்சள் கட்டம் மறுபடி வந்தது. அப்போதுதான் லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டைப் பார்த்தேன்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நாந்தான்" என்றார் அப்பா. "எல்லாத்துக்கும் வைக்கயில அத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"இது என்னா பால் கத்தியா? தெரியாததுல ஏன் கை வைக்கிறீங்க? ஈரம் உள்ள எறங்கிருச்சு. என் ஒரு வருசப் படிப்பு போச்சு."

"பொட்டு மூடி மேல இருக்கு" என்றார் அம்மா. "அது எப்படி உள்ள போவும்?"

"ஒங்களுக்கு வெளங்காது."

அந்த வீட்டில் நான் அதிகம் பேசிய வாக்கியம் அது. அப்பா பால் வாளியை எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்கு வேலைக்குப் போனார்.

யட்டியாந்தோட்டை பஜாரில் கம்ப்யூட்டர் வைத்து அச்சும் போட்டுக்கொடுத்த கொமினிகேசன் கடைக்கு ஓடினேன். அங்கேயும் அதே மஞ்சள் கட்டம்.

"ஒங்க மெசின்லயும் டிரைவர் சரியில்ல நானா" என்றேன் கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம்.

"காலையில இருந்து பத்துப் பேர்ட பென் இதுல வேல செஞ்ச" என்று அவர் பென் டிரைவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இதுக்குள்ள மஞ்சளா என்னமோ காஞ்சி ஈக்கி. சோறு ஊட்டினீங்களா?"

சோறு ஊட்டவில்லை. பூசையன்று, "பென் டிரைவ நீங்க யாரும் தொடாதீங்க" என்று வீட்டாரை விரட்டிவிட்டு, நானே பொட்டு வைத்திருந்தேன். இதற்கு நெற்றி எதுவாக இருக்கும் என்று யோசித்து, பளபளவென்றிருந்த இரும்பு முனைதான் என்று தீர்மானித்திருந்தேன். முக்கியமான வேலை உள்ளே இருக்கிறதே என்று சந்தனத்தைத் தாராளமாகவும் அப்பியிருந்தேன்.

நானா ஊசியால் சுரண்டினார். பழைய பல் தூரிகையால் தேய்த்தார், ஊதினார், செருகினார். என் ஒரு வருடம் திரையில் வந்து நின்றது. அச்சடித்து, பஸ் பிடித்து, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தன வாசனை அடித்த ஒரே கணினிப் படிப்பு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது லேப்டாப் மூடி துடைத்துக் கிடந்தது. டிவியின் பொட்டும் இல்லை. ரேடியோவின் பொட்டும் இல்லை. அப்பா தன் கத்தியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

"கத்தியில ஏன் தொடச்சீங்க?"

"என் கை ராசி சரியில்லனு நெனச்சேன்."

டிரைவர் கோளாறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அவருக்கு விளங்கப்போவதில்லை என்றுதான் பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

"ஒங்க பொட்டு இல்லப்பா. நான் வச்ச பொட்டுதான்" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அது திட்டுவதைவிட மோசம்.

மிச்சமிருந்த சந்தனத்தைக் குழைத்து, அப்பாவின் கத்தியை எடுத்தேன். எங்கே வைப்பது என்று ஒரு நொடி தயங்கினேன்.

"அதுல ஓட்ட ஒன்னும் இல்ல புள்ள" என்றார் அப்பா. "பயப்படாம வை."