பச்சைக்கரை நூல்

"மல்லாட்டை இன்ஜினியரம்மா தவறிட்டாங்கம்மா" என்று தனபால் தொலைபேசியில் சொன்னபோது, "எந்த இன்ஜினியர்?" என்று கேட்டேன். யாரென்று எனக்குத் தெரியும். கிளியனூரில் என் நிலத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்ளும் தனபாலுக்கும், எனக்குத் தெரியும் என்பது தெரியும். இருந்தும், "எழிலரசிம்மா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில. இன்னிக்கி காலையில" என்றார். இறுதிச் சடங்கிற்கு நான் போகவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

எழிலரசியுடன் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னிடமும் எழுதக் கேட்டார்கள். அவர் அமைத்த முதல் உலர்த்தும் கூடம் என் நிலத்தில் இருப்பதால், என்னை அவருடைய ஆதரவாளர் என்று எண்ணிவிட்டார்கள். நான் ஆதரவாளர் அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் காலமான மறு வருடம், அறுவடை நேரத்து மழையில் மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர், முழுவதும் நனைந்து வீணானது. விழுப்புரத்தில் இருந்த ஒரு சிறிய நிறுவனம் சூரிய வெப்பத்தில் விளைபொருளை உலர்த்தும் கூடம் அமைத்துத் தருவதாக அறிந்து எழுதிக் கேட்டேன். அவர்கள் அனுப்பிய பொறியாளர் எழிலரசி. வயது இருபத்தைந்து இருக்கும். கையில் அளவு நாடா, தோளில் துணிப்பை. அவருடைய தந்தை எங்கள் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர் என்பதைத் தனபால் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவருக்கு நாற்காலி போடச் சொல்லும் எண்ணம் எனக்கு வரவில்லை.

"என்ன படித்தாய்?" என்று கேட்டேன்.

"வேளாண் பொறியியல்மா. அப்புறம் உயிரமைப்புப் பொறியியல்ல முதுநிலை."

"அதைப் படித்தால் என்ன வேலை? மல்லாட்டை காயவைக்கிற வேலையா?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, ஆறு வருஷம் படிச்சி அதைத்தான் கத்துக்கினேன். எங்கம்மா படிக்காமலே காயவெச்சிக்கினு இருந்தாங்க. மழை வந்தா மட்டும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. அந்த மழைக்குத்தான் இந்தப் படிப்பு." பிறகு, நான் கேட்காமலே, உடன் படித்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருத்தி டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஒருவன் பால் பதப்படுத்தும் இடத்தில். இன்னொருத்தி ஏரி, கால்வாய்களுக்குத் திட்டம் போடுகிறாள். ஒருவன் வங்கியில், விவசாயக் கடன் பிரிவில். "மண்ணு, தண்ணி, மிஷினு, வெளஞ்சதைக் கெடாம வெக்கிறது, எல்லாம் ஒரே படிப்புல வருதும்மா" என்றார். அவர் பேச்சில் இருந்த கர்வம் எனக்குப் பிடிக்கவில்லை. கர்வம் எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன் போலும்.

கூடம் எழுந்தது. வளைத்த இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் கனமான பிளாஸ்டிக் தாள், உச்சியில் கம்பி வலை போட்ட காற்றுத் துளைகள். போகும்போது எழிலரசி தனபாலிடம் மட்டுமல்ல, என்னிடமும் சொன்னார்: "மேல இருக்கிற துளையை மட்டும் மூடாதீங்கம்மா. சூடு மட்டும் காயவெக்காது. ஈரம் வெளிய போவ வழி இருக்கணும்."

பாண்டிச்சேரி சாலையில் போகும் லாரிகள் கிளப்பும் தூசி கூடத்திற்குள் படிந்தது. நான் படித்த கான்வென்ட்டில் சன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். அந்த விரல் எனக்கு இன்னும் இருக்கிறது. என் கணவரின் பழைய பச்சைக்கரை வேட்டிகளைக் கிழித்துத் துளைகளில் அடைக்கச் சொன்னேன்.

"இன்ஜினியரம்மா மூடாதீங்கன்னு சொல்லிக்கினு போனாங்களேம்மா" என்றார் தனபால்.

"அவளுக்குச் சம்பளம் கொடுப்பது யார், நானா நீயா? அடை."

ஐந்தாம் நாள் தாளின் உட்புறமெங்கும் நீர் முத்துக்கள். மல்லாட்டையின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை.

தவறு யாருடையது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். துணிகளை உடனே எடுத்துவிடச் சொன்னேன். ஆனாலும் கூடத்தைக் குறை சொல்லி நிறுவனத்திற்கு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். பிழையே இல்லாத கடிதம். "இத்தகையவர்களைப் பொறுப்பில் அமர்த்துமுன் யோசிக்க வேண்டும்" என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. இத்தகையவர்கள் என்றால் யார் என்பது எனக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரிந்திருக்கும்.

மேலாளர் எழிலரசியை அழைத்துக்கொண்டு வந்தார். "மேல யாராவது மூடினீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். தனபால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழிலரசி ஏணியில் ஏறினார். வலையருகே கொஞ்ச நேரம் நின்றார். கையை மூடியபடி இறங்கினார்.

"காத்து போற வழி பத்தல சார். என் கணக்கு தப்பு. மாத்திக் குடுத்துடறேன்."

மேலாளர் வண்டியை நோக்கி நடந்த பிறகு, எழிலரசி என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். கம்பியில் சிக்கியிருந்த பச்சை நூல், விரல் நீளம். "உங்களோடதும்மா" என்றார். கேலி இல்லை, கோபமும் இல்லை. நான் கையை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவரை இரண்டு வருடம் களப்பணிக்கு அனுப்பாமல் அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் படிப்பைப் பற்றிப் பேசியது அந்த நாட்களில்தான். அதைக் கேட்டுச் சேர்ந்த சிலர் இந்த மலரைப் படிக்கக்கூடும். அவர் ஏன் அன்று வயல்களில் இல்லாமல் உங்கள் வகுப்பறையில் இருந்தார் என்பதற்குக் காரணம் நான்.

அவர் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பதைச் சடங்கிற்கு மறுநாள்தான் தனபால் எனக்குச் சொன்னார். மேலாளர் வந்த அன்றைக்கே, தூசிக்காக நான் அடைக்கச் சொன்னதை எழிலரசியிடம் ஒப்புக்கொண்டு, தனபால் கேட்டிருக்கிறார். "சொன்னா அவங்க உங்களைத்தான் கையக் காட்டுவாங்கண்ணே. எனக்கு வேற வேலை கெடைக்கும். உங்களுக்கு?" என்றாராம் எழிலரசி. அவர் நினைத்தது சரி. நான் காட்டியிருப்பேன்.

பத்து நாள் கழித்து, விழுப்புரத்தில் இருக்கும் அவருடைய தாயாரைப் பார்க்கத் தனபாலுடன் புறப்பட்டேன். வழியில், மயிலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் எழிலரசி பெண்கள் குழுவிற்கு அமைத்துத் தந்த கூடத்தைத் தனபால் காட்டினார். என்னுடையதைப் போன்றதே. துளைகளில் மட்டும் மெல்லிய வலைத்துணி கட்டியிருந்தது. அது எதற்கு என்று உள்ளே கேழ்வரகைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"தூசி வலைம்மா. எழிலு கட்டுனது. எங்கியோ ஒரு பெரியம்மா தூசி தூசின்னு பேஜார் பண்ணாங்களாம். 'அவங்க சொன்னதுலயும் ஞாயம் இருக்குதுக்கா, காத்து போவணும், தூசி வரக்கூடாது'ன்னு சொல்லிக்கினே கட்டுனா. அந்தப் பெரியம்மா நல்லா இருக்கட்டும், எங்களுக்கு மண்ணு இல்லாத கேப்பை."

தனபால் அப்போதும் தரையைப் பார்த்தார். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுவனத்திற்கு உண்மையைச் சொல்லி எழுதிய கடிதத்தையும் படித்துக் காட்டினேன். இந்த முறை தமிழில் எழுதியிருந்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. எங்கிட்ட மறைக்க மாட்டா. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் தெரியல."

அகராதிக்குள் பதினைந்து வருடமாக வைத்திருந்த அந்தப் பச்சை நூலைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன் மேல் மூடினார்.

"உங்களோடதும்மா. நீங்களே வெச்சிக்குங்க."

வைத்திருக்கிறேன்.