பட்டியலில் இல்லாத முப்பதாயிரம்

எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தோம். ஒன்றில் அவள் எப்போது பால் குடிக்க வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று இருக்கும். மற்றொன்றில் எந்தக் கடனை எந்த மாதம் அடைக்க வேண்டும் என்று இருக்கும். இரண்டையும் எழுதியது என் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். காலையில் காபிக்குப் பால் எடுக்கப் போகிறபோதெல்லாம் இரண்டையும் படிப்பேன். படித்து முடித்ததும் முன்பைவிடக் குழப்பமாக இருக்கும்.

குழப்பம் மகளுடைய வயதிலிருந்தே தொடங்கியது. இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பிறந்த தேதியைப் பார்த்தால் அவளுக்கு எட்டு மாதம். பிறந்திருக்க வேண்டிய தேதியைப் பார்த்தால் ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கலாம் என்று ஃபோனில் வீடியோ போடுகிறவர்கள் சொன்னார்கள். எந்த ஆறு மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். ஆட்டுகிற கை நின்றால் கண் திறந்துவிடும். ராத்திரி ஒரு மணி வரை மனைவி ஆட்டுவாள், அதற்கப்புறம் நான். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் ஒரு பெரியவரிடம் எடுத்த ரத்தத்தில் வேறொருவர் பெயரை ஒட்டப் போய்விட்டேன். கூட வேலை பார்க்கும் பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்று மத்தியானம் வரை ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

இன்னொரு பக்கம் பணம். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைத்தான் இன்ஷூரன்ஸ் கொடுத்தது. மீதிக்கு ஒரு பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, அடகுக் கடையில் மனைவியின் செயினும் வளையல்களும். பிரசவ விடுப்பு முடிந்து அவள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் மறுபடி வேலையில் சேர்ந்தால்தான் கணக்கு சரிவரும். அவள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ராத்திரி தூங்க வேண்டும். அவள் தூங்க வேண்டுமென்றால் குழந்தை தூங்க வேண்டும். இப்படித்தான் கடனும் தூக்கமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

வீடியோக்களில் ஒருவர், அழவிட்டு வெளியே வந்துவிடுங்கள் என்றார். இன்னொருவர், அழவே விடாதீர்கள் என்றார். கடனிலும் அப்படியே. சின்னக் கடனை முதலில் அடையுங்கள் என்று ஒருவர். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள் என்று ஒருவர். எல்லோருமே தெளிவாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

கடைசியில் குழந்தை டாக்டரிடம் கேட்டோம். எடை நன்றாக ஏறியிருக்கிறது, முயற்சி செய்யலாம், ஆனால் இருவரும் ஒரே மாதிரி செய்யுங்கள் என்றார். மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தோம். குழந்தைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட வேண்டும். அழுதால் ஐந்து நிமிடம் கழித்துப் போய்த் தட்டிக் கொடுக்கலாம், தூக்கக் கூடாது. அடுத்தது பத்து நிமிடம், அதற்கடுத்தது பதினைந்து. சும்மா உட்கார்ந்திருந்தால் உள்ளே ஓடிவிடுவோம் என்று, அந்த நேரத்தில் கடன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது மனைவியின் யோசனை. முதல் இரண்டு ராத்திரியும் மகள் ஒன்றரை மணி நேரம் அழுதாள். கணக்கு டீச்சர் கூட்டலில் இரண்டு முறை தப்பு செய்தாள்.

மூன்றாவது ராத்திரி, பத்து நிமிடக் காத்திருப்பின் நடுவில் காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு அக்கா. அவர் கணவர் கேம்ப் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். அக்கா நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவசரமாக மேலே வந்திருந்தார். மூணு நாளா குழந்தை அழுகிறதே, ஜுரமா, ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டார். மனைவி விஷயத்தைச் சொன்னாள். தனியாக அழவிட்டால் பழகிவிடுமா என்று அக்கா கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னோம்.

போகிறபோது வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்த முப்பதாயிரத்த நெனச்சு டென்ஷன் ஆவாதீங்க. அவசரமே இல்லன்னு அவரு சொல்லச் சொன்னாரு. மொதல்ல புள்ளைய பாருங்க."

கதவைச் சாத்தினேன். உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள். மனைவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முப்பதாயிரம் என்று எதுவும் இல்லை.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்று பில் கட்ட முப்பதாயிரம் குறைந்தது. பாய்க்கு ஃபோன் செய்தேன். செருப்புக் கடைப் பையில் நோட்டுகளைப் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். வட்டியெல்லாம் வேண்டாம், கையில் இருக்கிறபோது கொடுங்கள் என்றார். அன்று மனைவி முதல் தடவையாகக் குழந்தையைப் பெட்டிக்கு வெளியே தன் இஷ்டம் போல வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்ல மனம் வரவில்லை. பிறகு, வட்டி இல்லாதது கடன்தானா என்று எனக்கே ஒரு சமாதானம். அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். இதில் எது உண்மையான காரணம் என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாயிடம் வாங்கியதைச் சொன்னேன். மனைவி கத்தவில்லை. பேனாவை எடுத்து, தாளின் அடியில் முப்பதாயிரம் என்று எழுதினாள்.

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

எழுதின எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் வாங்கிய நாலாயிரம் நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். நிஜமாகவே மறந்திருந்தேன். ஆனால் சொன்ன விதத்தில் எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"தெனமும் கீழ போறப்ப அக்காகிட்ட சிரிச்சுட்டுப் போறேன்," என்றாள். "அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் எப்படித் தெரிஞ்சிருப்பேன் அவங்களுக்கு?"

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவளும் ஏதேதோ கேட்டாள். சத்தம் போடாமல்தான் பேசினோம், ஆனால் விடாமல் பேசினோம். திடீரென்று அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். உள்ளே சத்தமே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து நிமிடம் எப்போதோ தாண்டி, நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

இருவரும் உள்ளே ஓடினோம். கட்டில் கம்பிகளுக்கு வெளியே ஒரு காலை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். பயிற்சி பலித்துவிட்டதா, அல்லது பெற்ற பிள்ளையை மறந்து சண்டை போட்டிருக்கிறோமா? அவள் எதற்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொடலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் நகரவில்லை.

மறுநாள் காலை மனைவி தாளைத் திருத்தி எழுதினாள். பாய் பணம் முதல் வரிக்கு வந்திருந்தது. நான் மறுத்தேன். கார்டுக்கு மாதாமாதம் வட்டி ஏறுகிறது, வட்டியே இல்லாததை முதலில் கொடுப்பது எந்தக் கணக்கு என்று கேட்டேன். கணக்கு டீச்சரிடம் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"கணக்குப்படி நீங்க சொல்றது சரிதான்," என்றாள். "ஆனா நான் அந்தப் படியில எறங்கணும்ல?"

ஜூனில் பள்ளிக்குப் போனாள். பகலில் குழந்தையை அக்காதான் பார்த்துக்கொண்டார். அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. மாதம் ஐயாயிரமாக ஆறு மாதத்தில் பாய் பணத்தைக் கொடுத்து முடித்தோம். மனைவிதான் ஒவ்வொரு முறையும் கீழே போய்க் கொடுத்தாள். என்னை அனுப்பவில்லை. அந்த ஆறு மாதத்தில் கார்டுக்குக் கட்டிய வட்டியை நான் மனதுக்குள் கூட்டி வைத்திருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. இதுவும் மறைப்பதுதானா என்று சில சமயம் யோசிப்பேன்.

மகள் அந்த மூன்றாவது ராத்திரிக்குப் பிறகு ஒன்பது நாள் தானாகவே தூங்கினாள். பத்தாம் நாள் பல் முளைக்கிற ஜுரம் வந்தது. மறுபடி தூளி, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஒரு மாதம் தூங்கினாள், அப்புறம் சளி. இப்போது அவளுக்கு இரண்டரை வயது. நகைகளை மீட்டுவிட்டோம். கார்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி. குழந்தைக் கட்டிலில் துவைத்த துணி கிடக்கிறது. அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் குறுக்கே படுத்து விடிய விடியத் தூங்குகிறாள்.

போன மாதம் எங்கள் பரிசோதனை நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் குழந்தை தூங்குவதே இல்லை என்று கண்கள் சிவக்கச் சொன்னார். "சார், ஒங்க கொழந்த எத்தன நாள்ல பழகுச்சு?" என்று கேட்டார். மூன்று நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது சரியாகப் படவில்லை. இரண்டு வருஷம் என்றேன். அதுவும் சரியில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஊசியை எடுத்தேன்.