கமலத்தின் பிடியரிசி

என் வகுப்புப் பெண்கள் வீடுவீடாகக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்த பிடியரிசியை யாருக்குக் கொடுப்பது என்று இந்த வாரக் குழுவின் நான்கு பேரும் இன்று கூடிப் பேசினார்கள். காரணமும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

மூன்று பேர் சத்திரம் என்றார்கள். கமலம் மட்டும் அநாதை விடுதி என்றாள்.

"ஏம்மா?"

"என் தங்கச்சி அங்கதான் இருக்குது டீச்சர். அப்பா செத்ததும் அம்மா கொண்டுபோய் விட்டுட்டாங்க. பார்த்து ஒரு வருசம் ஆவுது."

மற்ற மூவரும் விடுதிக்கென்றே மூட்டையை ஜட்கா வண்டியில் ஏற்றினார்கள்.

விடுதியில் அந்த மூன்று வயதுக் குழந்தை ஓடி வந்தது. நால்வரையும் ஒன்றுபோல "அக்கா" என்றது. கமலத்தைத் தனியாக அடையாளம் தெரியவில்லை.

திரும்பும்போது கமலம் கேட்டாள்: "அடுத்த வாரமும் நாமதானே டீச்சர் எடுத்துக்கினு போவோம்?"

முறைப்படி அடுத்த வாரம் வேறு குழு. அந்த முறையை வகுத்த புத்திசாலி நான்தான். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?