கதைத்துக்கொண்டு நடந்த காலைகள்

முத்தலிபு மூச்சடக்கிக் கடலுக்குள் எவ்வளவு நேரம் இருப்பார் என்று மாம்புரிக் கரையில் ஒரு காலத்தில் பந்தயம் பிடிப்பார்கள். கடலட்டைக்கு முழுகுகிறவர்கள் முதுகில் சிலிண்டர் கட்டித்தான் இறங்குவார்கள். தொழில் நேரத்தில் அவரும் அப்படித்தான். ஆனால் நங்கூரம் கல்லில் சிக்கிக்கொண்டால் சிலிண்டரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். சாரனை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிடுவார். வள்ளத்தில் இருப்பவர்கள் பயந்துபோய் ஒரு பக்கம் எட்டிப் பார்க்க, மறுபக்கம் தலையைத் தூக்கி, "சிகரெட்டப் பத்த வைங்கடா" என்பார். அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த ஜவ்பர் இதை ஆயிரம் தடவையாவது சொல்லிச் சிரித்திருப்பான்.

அவருடைய மனைவி பரீனா அந்த ஊர்க்காரி. அவளுடைய வாப்பாவுக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. முத்தலிபு தொண்ணூறாம் ஆண்டு மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியபோது, உடுத்த உடுப்போடு கடல் வழியாக வந்தவர். கிடுகுக் கொட்டிலில் இருந்த ஒருவனுக்கு மகளைக் கொடுப்பதா என்று வாப்பா இரண்டு வருசம் முகம் கொடுக்கவில்லை. பரீனா பிடித்த பிடியை விடாமல் அவரையே கட்டினாள். மகள் ஷிஹாரா பிறந்தபோது பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவே மருமகனைத் தேடிப் போனார்.

ஆசைப்பட்டுக் கட்டிய கணவன்தான். ஆனாலும் அவர் கதைக்கிற ஆள் இல்லை. கடலால் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், முற்றத்து மாமரத்தடியில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட் குடிப்பார். அரிசி முடிந்துவிட்டது, மகளுக்குக் காய்ச்சல், கூரையில் ஒழுக்கு என்று பரீனா சொல்வாள். அவர் "ம்" என்பார். அந்த வீட்டில் முப்பது வருசப் பேச்சு அவ்வளவுதான். ஷிஹாரா கலியாணம் முடித்துப் பாலாவிக்குப் போன பிறகு அந்த "ம்" இன்னும் குறைந்துவிட்டது.

இருமல் வந்தபோது உப்புக்காற்று என்றார்கள். சளியில் இரத்தம் தெரிந்த அன்று பரீனா அவரைப் புத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகு, பெரிய டொக்டர் சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். வலது பக்கத்து நுரையீரலின் மேல்துண்டில் புற்றுநோய். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இப்போதிருக்கும் மூச்சோடு மேசையில் ஏற்றினால் ஆள் தாங்காது. முதலில் சிகரெட்டை முழுசாக விட வேண்டும். உடம்பையும் மூச்சையும் தேற்றிக்கொண்டு வரவேண்டும்.

பக்கத்து அறையில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை மிஸ் என்றார்கள். மூன்று குழாய்களும் குழாய்க்கொரு பந்தும் உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானை முத்தலிபுவின் கையில் கொடுத்து, "அங்கிள், இத வாயில வெச்சு மூச்ச உள்ளுக்கு இழுங்க. பந்து மேல போகணும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். இழுத்தார். முதல் பந்து மட்டும் பாதி வரை எழும்பி, நடுங்கி, விழுந்தது. திரும்பவும் இழுத்தார். இருமல் வந்து கண்ணெல்லாம் சிவந்தது. அந்தச் சாமானை மடியில் வைத்துக்கொண்டார். பரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அவரை நோயாளியாகப் பார்த்தது அப்போதுதான்.

மிஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கதிரையில் கைபிடிக்காமல் எழும்பி எழும்பி உட்கார வேண்டும், போத்தலில் மணல் நிரப்பித் தூக்க வேண்டும், படியேற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும்.

"எவ்வளவு வேகமா மிஸ்?" என்று பரீனா கேட்டாள்.

"பாட்டுப் பாட ஏலாத அளவு வேகம். ஆனா கதைக்க ஏலணும். அங்கிளுக்குக் கதைக்கவே ஏலாமப் போனா வேகம் கூடிட்டு, நிப்பாட்டணும். அன்ட்டி, நீங்க பக்கத்துல போய்க் கதை குடுத்துக்கிட்டே இருங்க."

பரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. "இவர எந்த வேகத்துலயும் கதைக்க வைக்க ஏலாது மிஸ்" என்றாள்.

சிகரெட்டை விடுவதுதான் முதலில் ஆளை முறித்தது. நித்திரை இல்லை. தட்டில் வைத்த சோற்றைத் தள்ளிவிட்டு எழும்பினார். ஒரு நாள், "ஏலாதுடி, சாவுறதுன்னாலும் குடிச்சிட்டுச் சாவுறன்" என்று கத்தினார்.

"நோன்புல எப்படி இரிக்கிறீங்க?" என்று பரீனா கேட்டாள். "சஹர்ல இருந்து மஃரிப் வரைக்கும் ஒரு சிகரெட் இல்லாம இரிக்கிறீங்கதானே? அல்லாஹ்வுக்கு இருந்தீங்க. இப்ப எனக்காக இருங்க."

 வாயில் ஒரு கராம்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகும் ஒருமுறை மீன்வாடிக்குப் பின்னால் ஒளித்துக் குடித்துவிட்டு வந்தார். சட்டை மணத்தில் பரீனா கண்டுபிடித்துவிட்டாள். அவள் சண்டை பிடிக்கவில்லை. அந்தச் சட்டையை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, "வாங்க, நடப்போம்" என்றாள். அன்றைக்கு அவரால் வழக்கமான தூரத்தில் பாதிகூடப் போக முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. ஜவ்பரும் அவர் முன்னால் சிகரெட் எடுப்பதை நிறுத்திக்கொண்டான்.

சுபஹுத் தொழுதுவிட்டு, தென்னந்தோட்டங்களுக்கு நடுவே கடற்கரைக்குப் போகும் மணல் ரோட்டில் இறங்குவார்கள். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் நாட்களில் பரீனாதான் கதைத்தாள். வேகத்தைத் தெரிந்துகொள்வதற்காக, "எதாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வருவாள். "என்னத்தச் சொல்ற?" என்பார். "அதச் சரி சொல்லிட்டீங்க, அப்ப மூச்சு இருக்கு, நடங்க" என்பாள். பிறகு அவர் எதிரே தெரிந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். இந்தத் தோட்டத்தில் மிளகாய் வாடிப்போய்க் கிடக்கிறது, அந்த வள்ளத்துக்குப் புது எஞ்சின் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கதை கடலுக்கு அடியில் போனது. அட்டை எந்த மணலில் புதைந்து கிடக்கும், நீரோட்டம் மாறினால் காதில் எப்படிக் கேட்கும் என்றெல்லாம் சொன்னார். இத்தனை வருசம் அவர் போய்வந்த கடலை பரீனா அந்த ரோட்டில்தான் முதன்முதலாகக் கண்டாள்.

ஒரு காலை, கடல் தெரிகிற இடத்துக்கு வந்தபோது, அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"எனக்கொரு தங்கச்சி இருந்தாள், தெரியும்தானே."

பரீனாவுக்குத் தெரியும். கடைசிப் பிள்ளை, முஃப்லிஹா, இரண்டு வயது. வந்த வழியில் மௌத்தாகிப் போனாள் என்று மாமி, அவருடைய உம்மா, ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

"வள்ளத்துல என்ட தோள்லதான் கிடந்தாள். மழை. காய்ச்சல் கொதிச்சிது. பிறகு கொதிக்கல்ல. எனக்கு விளங்கிட்டு. கரை கண்ணுல படவே இல்ல, உம்மா எதிர்ல இருந்து புள்ள எப்படி எப்படின்னு கேக்கிறா. நித்திரைன்னு சொன்னன். கரைக்கு வரும் வரைக்கும் தட்டிக்குடுத்துக்கிட்டே இருந்தன்."

பரீனாவின் கால்கள் நின்றுவிட்டன. அவர் திரும்பிப் பார்த்து, "வா, நிண்டா மிஸ் ஏசுவா" என்றார்.

நடந்தார்கள்.

"கல்பிட்டியில அடக்கினம். குழி வெட்டின மனுசன் எனக்கொரு பீடி தந்தார். இழு தம்பி, நெஞ்சு லேசாகும்னார். அதுக்கு முன்ன நான் தொட்டதில்ல." கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார்: "லேசாகிச்சு பரீனா. அதுதான் பிழையாப் போச்சு."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் ஆட்கள் வந்தார்கள். அந்த வயதில் அந்த ஊரில் யாரும் அப்படிப் போவதில்லை. அவள் விடவில்லை.

அடுத்த கிளினிக்கில் அவர் மூச்சை இழுத்தபோது இரண்டு பந்துகள் உச்சியில் போய் நின்றன, மூன்றாவதும் அசைந்தது. மிஸ் கைதட்டினாள். நடக்கவிட்டுப் பார்த்து, "அங்கிள் என்னை விட வேகம்" என்றாள். பெரிய டொக்டரும் திருப்திப்பட்டார். வெட்டுவதற்கு முன்னால் இன்னுமொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். அன்றிரவு முத்தலிபு பல வருசங்களுக்குப் பிறகு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தன.

டொக்டர் படத்தைக் காட்டினார். இனி வெட்டுவதில் பிரயோசனம் இல்லை, மருந்து ஏற்றலாம், நோயை அழிக்க முடியாது, கொஞ்சக் காலம் தள்ளிப்போடலாம் என்றார். பரீனா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நடக்க வைத்துக் காத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வெட்டியிருந்தால் என்ன என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. டொக்டர் கோபப்படவில்லை. முதல் படம் எடுத்தபோதே அது அங்கே இருந்திருக்கும், கண்ணுக்குப் படுகிற அளவு வளர்ந்திருக்காது என்றார். வெட்டியிருந்தாலும் புண் ஆறும் முன்னே இது தலைகாட்டியிருக்கும் என்றார். அவள் தலையாட்டினாள். பாதி மனம்தான் நம்பியது. மற்றப் பாதி பிறகும் எத்தனையோ நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ் சிலாபத்தைத் தாண்டியது. அதன் பிறகு முத்தலிபு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வீணாச் சிகரெட்ட விட்டன்" என்றார்.

மறுநாள் பின்னேரம் ஜவ்பர் வந்தான். மாமரத்தடியில் முத்தலிபு அவனிடம் கையை நீட்டினார். "தாடா ஒண்டு."

ஜவ்பர் பரீனாவைப் பார்த்தான். "ராத்தா?"

"குடுங்க தம்பி" என்றாள் அவள். தடுப்பதற்கு அவளிடம் நியாயம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவர் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்துச் சிகரெட்டைப் பார்த்து, "மண்ணுருசிடா" என்று மணலில் குத்தி அணைத்தார். பிறகு அழுதார். கடலில் கூட்டாளிகளைப் பறிகொடுத்தபோதும் அழாத மனுசன், ஜவ்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதார். ஜவ்பரும் அழுதான். பரீனா உள்ளே போய்க் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

சில காலைகள் அவர் எழும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மிஸ் கோல் எடுத்தாள். "அன்ட்டி, மருந்து ஏத்துறதுக்கும் உடம்புல பெலன் வேணும். அங்கிள் சேர்த்து வெச்சது எங்கயும் போகாது. நடக்கச் சொல்லுங்க" என்றாள். பரீனா அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் தொழுகை முடிந்ததும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றார். "வாறியா?" என்று மட்டும் கேட்டார்.

மருந்து ஏற்றிய காலம் முழுக்க நடந்தார்கள். மயிர் கொட்டியது, வாயெல்லாம் புண். மருந்து ஏற்றி வந்த கிழமை முழுக்கப் படலை வரைதான் முடியும். தெளிந்த கிழமை கடல் வரை போவார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் மற்றவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது அவர் தன் காலால் நடந்து கட்டிலுக்குப் போனார். மன்னாரில் படித்த பள்ளிக்கூடம், தன் வாப்பாவின் கடை, அகதி முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்ற நாட்கள், பரீனாவை முதன்முதலில் கண்ட கிணற்றடி என்று எல்லாம் சொன்னார். அப்போது என்ன நிறச் சட்டை உடுத்திருந்தாள் என்பது அவருக்கு நினைவிருந்தது, அவளுக்குத்தான் இல்லை.

ஒரு வருசம் நிறைவதற்குள் நோய் முந்திக்கொண்டது. கடைசி இரண்டு மாதம் கட்டிலோடுதான். ஷிஹாரா பாலாவியிலிருந்து வந்து கூட இருந்தாள். ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, பரீனா கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய மூச்சு மெதுவாகி, இடைவெளி விட்டு, நின்றது. ஷிஹாரா காதருகில் கலிமாச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திணறல் எதுவும் இருக்கவில்லை. ஆண்கள் மய்யித்தை அடக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். பரீனா வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள்.

இத்தா வீட்டுக்கு வந்த பெண்களில் ஒருத்தி, சொந்தக்காரிதான், ஆதங்கத்தில் சொன்னாள்: "விடியக்காலைல இழுத்துக்கிட்டு நடந்தியே மகள், சிகரெட்டையும் விட வெச்சியே. என்ன கிடைச்சிச்சு?"

பரீனா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"என்னோட கதைச்சார்" என்றாள்.

கேட்டவளுக்கு அது விளங்கவில்லை. ஷிஹாரா பிளேன்டீ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள்.